பொருந்தாததை அடிக்கவும்

வேன்காரர் தன் மகளுக்குச் சொந்த அப்பா இல்லை என்கிற செய்தி, திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு வேன்காரர் காதுக்கே வந்து சேர்ந்தது. ஒரு வதந்தி சம்பந்தப்பட்ட ஆளிடமே வந்து நிற்கிறதென்றால், ஊரை ஒரு சுற்று முடித்துவிட்டது, இனிப் போவதற்கு வேறு வீடு இல்லை என்று பொருள்.

கொண்டுவந்தவர் பள்ளிக்கூட வாசலில் கதவு பார்க்கும் அம்மாள். பத்து வருடமாக அவரும் வேன்காரரும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறார்கள். பேச்சு பெரும்பாலும் மழையைப் பற்றியும் அம்மாளின் முட்டிவலியைப் பற்றியும் இருக்கும். அன்றைக்கு முட்டி நன்றாக இருந்தது போலிருக்கிறது, விறுவிறுவென்று வேனின் ஜன்னலருகே வந்து, சுற்றுமுற்றும் பார்த்துக் குரலை இறக்கினார்.

"ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"உங்க பொண்ணு உங்களுக்குப் பொறந்தது இல்லையாமே? உங்க வீட்டம்மாவோட முதல் வீட்டுக்காரருக்குப் பொறந்ததாம். அவரு கப்பல்ல இஞ்சினியராம். போய்ச் சேந்துட்டாராம். நீங்கதான் பெரிய மனசு பண்ணி..."

"அப்படியா?" என்றார் வேன்காரர்.

"என்ன அப்படியாங்கறீங்க? உங்களுக்கே தெரியாதா?"

"இப்பத்தான் கேள்விப்படறேன்."

அம்மாளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒன்று கத்துவார், இல்லை கண்ணைத் துடைத்துக்கொள்வார், இரண்டில் ஒன்றாவது நடக்கும் என்று நம்பித்தான் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருந்தார். வேன்காரர் இரண்டுக்கும் ஆளில்லை. எந்தச் செய்தியும் அவருக்குள் இறங்குவதற்கு நாளாகும். அவருடைய அம்மா இறந்த அன்றுகூட, அப்போது ஓட்டிய ரொட்டி வேனின் நடையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அழுகை அடுத்த வாரம், ஒரு சிக்னலில், பச்சை விழுந்த பிறகு வந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் அதுவும் நின்றுவிட்டது.

ஆனால் விசாரிக்காமல் விடுகிற ஆளும் இல்லை. வண்டியில் எங்காவது கடகடவென்று சத்தம் கேட்டால், ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்ப்பார். சரிசெய்கிறாரோ இல்லையோ, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஆகவே ஒன்பது மணிக்கு வேனை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போய் பீரோவைத் திறந்தார். மனைவி ஆஸ்பத்திரித் துணிப்பிரிவில் வேலைக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து மாலைவரை நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. அதனால் வீட்டில் ஒரு துணியையும் மடிக்க மாட்டாள். உலர்ந்த துணியெல்லாம் நாற்காலியில் ஒரு குன்றாகக் கிடக்கும், வேண்டியவர்கள் தோண்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறப்புச் சான்றிதழ், பழைய மின்கட்டணச் சீட்டுகளுக்கும் பிரிட்ஜின் உத்தரவாத அட்டைக்கும் நடுவில் இருந்தது. தந்தை என்ற இடத்தில் அவர் பெயர். தொழில்: ரொட்டி விநியோகம். கீழே கையெழுத்து, அவருடையதுதான். அந்தக் காலத்தில் கடைசி எழுத்துக்கு ஒரு வால் போட்டுக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார்.

பதினேழு வயதில் மேஜை நாற்காலி ஏற்றும் வண்டியில் கிளீனர், பிறகு பதினாறு வருடம் ரொட்டி வேன், பிறகு இந்தப் பள்ளிக்கூட வேன். இதுதான் அவர் வரலாறு. இதில் சான்றிதழுக்குரிய நாள் ரொட்டி வேன் காலத்தில் வருகிறது. வேனை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினார். ஒன்பது கடைகளுக்கு அன்று ரொட்டி போகவில்லை. நர்ஸ் குழந்தையைக் காட்டியபோது, அவர் கையில் மாவு இருந்ததால் வாங்கத் தயங்கினார். "மாவுதானே, விஷமா?" என்று நர்ஸ் அதட்டிக் கையில் கொடுத்தாள்.

ஆதாரம் போதும். வதந்தி பொய் என்று முடிவாயிற்று. சான்றிதழை மறுபடி பிரிட்ஜ் அட்டைக்கு அடியில் வைத்தார். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது?

சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள்.

"இஞ்சினியரா? அதுவும் கப்பல்லயா? பரவாயில்லையே, எனக்கு நல்ல இடமாத்தான் பாத்திருக்காங்க. நான்தான் அவசரப்பட்டு ரொட்டி வேன்ல ஏறிட்டேன்." பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "இருங்க, அப்ப ஊருக்குள்ள நான் ரெண்டாங்கல்யாணம் பண்ணிக்கிட்டவளா? எந்தக் கடன்காரி கெளப்பினது?"

"தெரியல. பாப்போம்."

"பாப்போமா? உங்களுக்குக் கோபமே வராதா?"

"வரும். கொஞ்சம் லேட்டாகும்."

இந்த இடத்தில் அந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கே இரண்டு இனம். இரண்டுக்கும் கம்பீரமான பெயர்கள் உண்டு. ஆனால் எதை முதலில் எழுதினாலும் மற்றவர்கள் கொடி பிடித்துக்கொண்டு வருவார்கள். எனவே வேனில் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரே நமக்கும் போதும்: கட்டைவிரல்காரர்கள், சுண்டுவிரல்காரர்கள். முதலில் சொன்னவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது கட்டைவிரலிலிருந்து மடக்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் சுண்டுவிரலில் தொடங்குவார்கள். பாஷை வேறு வேறு. மூக்கு வேறு என்று இரு தரப்பிலும் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு பந்தயம் கட்டச் சொன்னால் யாரும் முன்வருவதில்லை. பிறக்கும்போதே ஒருவருக்கும் இதெல்லாம் தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும். எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். வேன்காரருக்கு ஆராய்ச்சி தெரியாது. கண்ணாடி தெரியும், தலைக்கு மேலே தொங்குகிற கண்ணாடி.

அதில் அவர் பத்து வருடமாகப் பார்த்தது இதுதான். பால்வாடி மணம் மாறாத வாண்டுகள் யார் மடி கிடைத்தாலும் தூங்கிவிடும். ஆறு வயதில் இனப்பெயர்கள் வாயில் வரும், கார்களின் பெயர்கள் வருவது போல. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், அவ்வளவுதான் விஷயம். ஒரு பையன் திங்கட்கிழமை கட்டைவிரலாகவும் செவ்வாய்க்கிழமை சுண்டுவிரலாகவும் இருந்தான். புதன்கிழமை டிராக்டராக இருக்கப்போவதாகச் சொன்னான். எட்டு வயது தாண்டினால் கெட்டிப்படும். ஒன்பது, பத்தில் எல்லாரும் சுங்கச்சாவடி அதிகாரிகள்தான். "நீ எங்க ஆளுன்னா ஏன் இப்படி எண்ற?" என்று கையைப் பிடித்துச் சோதனை போடுவார்கள். யாரும் சொல்லாமலே இடது வரிசை ஓர் இனத்துக்கும் வலது வரிசை மற்ற இனத்துக்கும் ஆகிவிடும். பன்னிரண்டு பதின்மூன்றில் சோதனை குறையும், ஏனென்றால் அப்போது அவர்கள் அடுத்தவர் கையைப் பார்ப்பதில்லை, ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவார்கள். அந்த முகம் யாருடையது என்று யாராவது எழுதிக்கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக.

அவர் மகளுக்குப் பதின்மூன்று. போன வருடம்வரை முன் சீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தாள். இந்த வருடம் "முன்னாடி வெயில் அடிக்குது" என்று பின்னால் போய்விட்டாள். அங்கே பல் டாக்டரம்மாவின் மகளும் இன்னும் இரண்டு கட்டைவிரல் பெண்களும் இருந்தார்கள். நால்வரும் ஒரே மாதிரி தலை வாரிக்கொண்டு ஒரே மாதிரி "ச்சே" என்றார்கள். பதினைந்து நாளைக்கு முன்னால் பின்னாலிருந்து ஒரு குரல், "மாமா, கதவு சரியா மூடல" என்றது. வேனில் எல்லாப் பிள்ளைகளும் அவரை மாமா என்றுதான் கூப்பிடும். அவர் இறங்கிப் போய்க் கதவை மூடினார். மூடிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், அது யார் குரல் என்று ஒரு சந்தேகம் வந்தது. அப்போது சிக்னல் விழுந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வாசல்காரம்மாளிடம் விசாரித்தார். "என் வாயில வரலப்பா, பல் டாக்டரம்மாதான் யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தாங்க, காத்துல வந்து விழுந்துச்சு" என்றார் அம்மாள். பத்தரை மணிக்கு வேன்காரர் பல் டாக்டரம்மாவின் அறையில் இருந்தார். சும்மா போய் எப்படிக் கேட்பது? கடைவாய்ப்பல் ஒன்று இரண்டு வருடமாகத் தொந்தரவு. அதைக் காரணமாக எடுத்துக்கொண்டு போனார். அதில் ஒரு சிக்கல் இருந்தது, நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் புரிந்தது.

"வாயத் திறங்க. இன்னும். நாக்க அந்தப் பக்கம் வைங்க. அசையாதீங்க." டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்துக்கொண்டார். "உங்களப் பத்தி என் பொண்ணு சொன்னா. கேட்டு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"ஆ," என்றார் வேன்காரர்.

"அடுத்தவங்க குழந்தைய, அதுவும் வேற இனத்துக் குழந்தைய வளக்கறதுன்னா சும்மாவா? உங்க ஆளுங்கள்லயும் எவ்வளவோ நல்லவங்க இருக்காங்க. நான் எப்பவும் சொல்றதுதான்."

"ஆ."

"என் பொண்ணுதான் கண்டுபிடிச்சா. அவளுக்குக் கண்ணு கூர்மை. வேன்ல ஏறுற புள்ளைங்கள நீங்க சுண்டுவிரல்லேர்ந்து மடக்கி எண்றீங்களாம். 'என்னடி, உங்கப்பா அவங்க ஆளா'ன்னு கேட்டுட்டா. சின்னப் புள்ளதானே, பட்டுனு கேட்டுட்டா. உங்க பொண்ணு பாவம், ஒரு நிமிஷம் பேசலயாம். அப்புறம்தான் உண்மையச் சொல்லிருக்கு. 'அவர் எங்கப்பா இல்ல, எங்கப்பா நம்ம ஆளுதான், கப்பல்ல இருந்தாரு'ன்னு."

"ஆ?"

"வலிக்குதா?"

வேன்காரர் இல்லை என்று தலையசைத்தார். ஊசி போட்டிருந்ததால் தாடையின் இடது பக்கம் ஏற்கெனவே மரத்திருந்தது. டாக்டரம்மா பல்லை அடைத்துவிட்டு, பாதிக் கட்டணம் போதும் என்றார். மாற்றான் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு அப்படி ஒரு சலுகை இருக்கிறது என்பதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

விரல் விஷயம் இதுதான். ரொட்டி வேனில் தட்டுகளை எண்ணி இறக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தட்டைப் பிடித்திருக்கும். எண்ணுவதற்கு மிச்சம் இருப்பது சுண்டுவிரல் பக்கம்தான். பள்ளி வேனுக்கு வந்த பிறகு தட்டு போய் சாவிவளையம் வந்தது. அது கட்டைவிரலில் மாட்டியிருக்கும், மடக்கினால் சாவி கீழே விழும். இருபத்தாறு வருடத்து வேலை அந்தக் கையை அப்படிப் பழக்கியிருந்தது. டாக்டர் மகள் பார்த்தது தப்பான சாட்சியம். ஆனால் தீர்ப்பு சரி. வேன்காரர் பிறப்பால் சுண்டுவிரல்காரர், மனைவி கட்டைவிரல்காரி. அவர் இரண்டு பாஷையும் நாக்கு சுளுக்காமல் பேசுவார், ஆகையால் யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டு நாற்காலியிலிருந்த துணிக்குன்றை அள்ளிக் கட்டிலில் போட்டு, தானாக மடிக்கத் தொடங்கினாள். அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சி நடந்ததே இல்லை. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பாஷைப் பாடமும் சரித்திரமும் இனத்துக்கு ஒன்றாகத் தனித்தனி வகுப்பு. போர் ஒன்றுதான், வெற்றி மட்டும் இரண்டு. ஒரே அறையில் வைத்து நடத்தினால் வாத்தியாருக்குச் சிரமம். படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு விதி: மாணவரின் இனம் தந்தையின் இனத்தைப் பின்பற்றும், தந்தை இல்லாதவிடத்துத் தாயின் இனம். அதற்கும் கீழே 'தந்தை / பாதுகாவலர் கையொப்பம் (பொருந்தாததை அடிக்கவும்)'.

தந்தை அடிக்கப்பட்டிருந்தது. அளவுகோல் வைத்து, நேர்க்கோடாக, இரண்டு தடவை.

வேன்காரர் படிவத்தை ஒரு முறை படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். இல்லை.

"நீயா அடிச்சது?"

"ம்."

"என்னைக்குள்ள குடுக்கணும்?"

"வெள்ளிக்கிழம."

மனைவி கரண்டியோடு வந்து தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். அவளுக்குக் கோபம் வர நாளாவதில்லை.

"ஏண்டி, கப்பல் உன் வேலைதானா? இவர் அப்பா இல்லன்னா நான் யாருடி? பதினாலு வருஷமா யாரோட குடித்தனம் பண்ணிட்டிருக்கேன்? வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்லிட்டு வந்து துணி மடிக்கறியா, துணி!"

"ரெண்டு கட்டம்தாம்மா இருக்கு!" மகள் ஒரு சட்டையைப் பாதி மடித்தபடி கத்தினாள். "மூணாவது இருந்தா அதுல போட மாட்டேனா? அப்பா பேர் போட்டா அந்த வகுப்புல போட்டுருவாங்க. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அந்தப் பாஷையில எனக்கு பத்துக்கு மேல எண்ணக்கூடத் தெரியாது. இவர் சொல்லிக் குடுத்தாதானே?"

"நீ கேக்கலயே," என்றார் வேன்காரர்.

"கேக்கணும்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

மேஜையில் ஒரு சோற்றுப்பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினார்.

"ஒரு தடவ கேட்டேன்," என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டாவது படிக்கும்போது. 'நாம யாருப்பா'ன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"'யார் கேட்டாங்க'ன்ன. அவ்வளவுதான். நான் நாலு நாள் யோசிச்சேன், அதுக்கு என்ன அர்த்தம்னு."

அவருக்கு இப்போதும் ஞாபகம் வரவில்லை. ஆனால் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். அவருடைய அப்பாவும் அதைத்தான் சொல்வார்.

"பேனா இல்ல," என்று எழுந்துகொண்டார். சட்டைப் பையில் பேனா இருந்தது, மூவரும் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை வழக்கம் போலப் போயிற்று. கண்ணாடியில் பார்த்தார். மகள் இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலது வரிசையில் அவள் வயதுச் சுண்டுவிரல் பெண் ஒருத்தி, பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண்தான். ஒரு நாளும் கதவை அறைந்து சாத்தியதில்லை. அடுத்த வருடம் இவள் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் புரியாமல் முழிப்பதை அவர் நினைத்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. மரத்த தாடையை விரலால் அழுத்திப் பார்ப்பது போல இருந்தது. அழுத்துவது தெரிகிறது, தாடை தெரியவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது பேருந்து ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போனார். அவருக்குப் பதினொரு வயதில், அவரும் அப்பாவும் போன இது போன்ற ஒரு பேருந்தைச் சிலர் வழியில் மறித்தார்கள். உள்ளே ஏறி, ஒவ்வொருவரிடமும் ஐந்துவரை எண்ணிக் காட்டச் சொன்னார்கள். அவருடைய அப்பா கட்டைவிரலிலிருந்து எண்ணினார், அவர்கள் பாஷையில், கடைக்காரர் சில்லறை எண்ணுவது போல நிதானமாக. பிள்ளை எண்ணட்டும் என்றார்கள். "பொறவி ஊமைங்க," என்றார் அப்பா. மகன் கையைத் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சீட் தள்ளி இருந்த ஒருவரை இறக்கினார்கள். பேருந்து கிளம்பியது. வீடு வந்து அப்பா கையை விட்டபோது, விரல் ஐந்தும் வெளுத்துப் போய், யாருடையதோ போல இருந்தன. தான் யார் என்பது அவருக்கு அப்படித்தான் தெரியவந்தது. அதை எந்த வயதில், எந்த வார்த்தையில், சோறு போடும்போதா தலை வாரும்போதா ஒரு பெண்குழந்தைக்குச் சொல்வது?

வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டார். மனைவி அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. சன்னலுக்குப் பின்னால் ஒரு புதுக் குமாஸ்தா அம்மா, குனிந்த தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் வேறு கட்டடத்தில், ஓர் அலமாரிக்குள் இருந்தன. அதன் சாவி யாரிடம் என்பது ஒரு தனி விசாரணை.

"பாதுகாவலரா?"

"ஆமா."

"தந்தை?"

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமைலேர்ந்து."

பேனா ஒரு நொடி நின்றது. "அடடா. இந்தத் திங்களா?"

"ஆமா."

"ஐயோ பாவம். அந்தப் புள்ள பள்ளிக்கூடம் வருதா?"

"வருது. வேன்லதான் வருது."

"மாணவிக்கு நீங்க என்ன உறவு?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராகி வந்திருக்கவில்லை. பின்னால் ஒருவர் செருமினார்.

"வேன் ஓட்டறேன்," என்றார்.

குமாஸ்தா அம்மா உறவு என்ற இடத்தில் 'வேன்' என்று எழுதி, முத்திரை குத்தி, நகல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வேன்காரர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கொடுத்தார். அவள் வாங்கி, தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். உறவு என்ற இடத்தில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"இதென்ன?"

"என்னவோ எழுதினாங்க. செல்லும்னு சொன்னாங்க."

"தேங்க்ஸ்," என்றாள். அந்த வீட்டில் அந்த வார்த்தையைப் பாத்திரக் கடைக்காரனிடம்தான் சொல்வார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை வேனைக் கிளப்பும்போதுதான் அது நடந்தது. யோசித்துச் செய்ததா, கை தானாகச் செய்ததா என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளைகளை ஏற்றும்போது அவர் தலைகளை எண்ணுவார், மொத்தம் இருபத்தொன்று. மகள் வீட்டிலேயே ஏறிவிடுவாள், ஆனால் அவளை எண்ணுவதில்லை. வண்டிக்கு ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, அதையெல்லாம் யாராவது எண்ணுகிறார்களா? அது வண்டியோடு சேர்ந்தது. அடுத்த தெருவில் ஏறுகிற ஆறு வயதுப் பெண்தான் எப்போதும் ஒன்று. அந்தப் பதவியில் அவளுக்குப் பெருமை அதிகம். ஒரு நாள் காய்ச்சலோடுகூட வந்தாள், யாராவது ஒன்றாகிவிடுவார்களோ என்று.

அன்றைக்கு மகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், அவர் திரும்பிப் பார்த்து, சுண்டுவிரலை மடக்கினார்.

"ஒண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த தெருவில் அந்தச் சின்னவள் மூச்சிரைக்க ஏறினாள்.

"ரெண்டு," என்றார் வேன்காரர்.

சின்னவள் படியிலேயே நின்றுவிட்டாள். "மாமா! நான் ஒண்ணு!"

"இன்னிலேர்ந்து நீ ரெண்டு, கண்ணு."

"அப்ப ஒண்ணு யாரு?"

"பின்னாடி அந்த அக்கா."

"அந்த அக்கா உங்க வீட்டு அக்காதானே? அவங்கள எண்ண மாட்டீங்களே!"

"இப்ப எண்றேன். உள்ள போ, கதவ மூடணும்."

"இது அநியாயம்," என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு வயதில் அந்த வார்த்தையை எங்கே பிடித்தாளோ.

பல் டாக்டர் வீட்டுத் தெரு வருவதற்கு இன்னும் நான்கு நிறுத்தம் இருந்தது. வேனில் இவர்கள் மூவர் மட்டும். மகள் பின்சீட்டிலிருந்து எழுந்து, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். உட்காரவில்லை, அவர் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் என்னைய எண்ற?"

"வண்டில வர்றவங்கள எண்ணணும்ல. யாராவது விட்டுப்போயிட்டா?"

"இத்தன நாள் எண்ணலயே."

"இத்தன நாள் வேற."

சிக்னல். அவர் பிரேக்கை மிதித்தார். அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் முழுதாகத் தெரியவில்லை, நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும்.

"அப்ப நானும் மாசக் காசு தரணுமா, எல்லாரும் தர்ற மாதிரி?"

கிண்டலாகத்தான் கேட்க நினைத்திருப்பாள். பாதியில் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அது பாதுகாவலர் கட்டணும்," என்றார் வேன்காரர்.

"அவர் கட்டுவாரா?"

"கேட்டுச் சொல்றேன்."

"எவ்வளவு?"

"மத்தவங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வந்தா கொஞ்சம் குறைப்பேன். நீ ஒருத்திதானே."

பச்சை விழுந்தது. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் வீட்டுத் தெருமுனை வந்ததும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாதக் கடைசியில் பிள்ளைகள் உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேன்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். இருபத்திரண்டு வரி போட்டிருந்தார். இருபத்தொன்றில் டிக் விழுந்தது. முதல் வரி காலி. பாதுகாவலர் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டால் தீர்ந்துவிடும், ஒரு நிமிட வேலை. அந்த மாதமும் போடவில்லை, அதற்கடுத்த மாதமும் போடவில்லை. மகள் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வரியை மட்டும் ஒவ்வொரு மாதமும் புதுப் பக்கத்தில், முதலாவதாக, மறக்காமல் எழுதிக்கொண்டு வருகிறார்.